சளிக்கு ஆபரேஷனா? - எடை குறைப்பு அறுவை சிகிச்சையும் நம் உடம்பும்

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்படி கொடுத்திருக்கிறோம்.)



வழக்கமாக நாங்கள் வந்தால் சேமிப்பு, உள்கடன், தணிக்கை, வங்கி இணைப்பு என்றுதான் பேசுவோம். "இன்னைக்கு என்ன நோட்டு கேக்கப் போறாங்க" என்று நீங்களும் பையைப் பார்ப்பீர்கள். இன்றைக்கு நோட்டு வேண்டாம். இன்றைக்கு உடம்பைப் பற்றிப் பேசுவோம். ஆனால் பேச்சு தொடங்கினது ஒரு கடன் விண்ணப்பத்தில்தான்.

நமது குழு ஒன்றில் ஓர் அக்கா. ஊரும் பேரும் வேண்டாம். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். வயது 38. தையல் வேலை. குழு ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு மாதச் சேமிப்பும் தவறவிடாதவர். அவர் ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து, "எனக்கு ஒன்றரை லட்சம் கடன் வேணும், எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணப் போறேன்" என்றார். எதற்கு என்று கேட்டார்கள். "மாசம் தவறாம சளி பிடிக்குது. பிடிச்சா பத்து நாள் படுக்கை. தையல் எல்லாம் நின்னு போகுது. டவுன்ல முகாம் போட்டாங்க. ஆபரேஷன் பண்ணிட்டா சளி கிட்டயே வராதுன்னு அங்க ஒருத்தர் சொன்னார்" என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "சளிக்கு யாராவது வயித்த அறுப்பாங்களா?" என்றார் ஒருவர். "வாயைக் கட்டினா போதும், ஆபரேஷன் எதுக்கு?" என்றார் இன்னொருவர். அந்த அக்கா உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் மகளிடம் கொடுத்து அனுப்பினார்.

இதில் எங்கள் தப்பும் உண்டு. அன்றைக்கு நாங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். "தினமும் காலையில நடங்க அக்கா, சரியாப் போயிடும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம். சமூகப்பணி படித்துவிட்டு வந்த எங்களுக்கே அவர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று அப்போது புரியவில்லை. பிறகு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். மருத்துவர்களிடம் கேட்டோம், படித்துப் பார்த்தோம். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

குண்டு என்பது கேலி இல்லை, கணக்கு

முதலில் ஒரு விஷயம். அதிக உடல் எடை என்பது சோம்பேறித்தனத்தின் அடையாளம் இல்லை. பரம்பரை, தூக்கக் குறைவு, தைராய்டு, சில மருந்துகள், பிரசவத்துக்குப் பிறகு கூடிய எடை, மூன்று வேளையும் அரிசியே சாப்பிடும் நிலைமை, உட்கார்ந்தே செய்யும் வேலை, இப்படிப் பல காரணம் சேர்ந்து வருவது அது. உடம்பு ஒருமுறை கூடின எடையைச் சுலபத்தில் விடாது. பட்டினி கிடந்தால் பசியைக் கூட்டி, செலவைக் குறைத்து, பழைய எடைக்கே திரும்பப் பார்க்கும். அதனால்தான் "வாயைக் கட்டு" என்ற புத்திமதி பலருக்குப் பலிப்பதில்லை.

இது பணக்கார வீட்டு நோய் என்று நினைக்காதீர்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-ல் எடுத்தபோது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையில் இருந்தார்கள். அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் அது 31. அதே 2019-21 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 53 பெண்களுக்கு ரத்தசோகை. எடை கூடியிருக்கிறவருக்கு ரத்தசோகை இருக்காது என்று எண்ண வேண்டாம். ஒரே உடம்பில் கொழுப்பு அதிகமாகவும் இரும்புச்சத்து குறைவாகவும் இருக்கலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எடை அதிகமா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. கணக்குப் போட வேண்டும். வட்டிக் கணக்குப் போடுகிற நமக்கு இது பெரிசில்லை. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்குங்கள். எடையை அந்த விடையால் வகுங்கள். வருகிற எண்ணுக்கு பி.எம்.ஐ. என்று பெயர். நம்ம அக்காவின் உயரம் 152 சென்டிமீட்டர், அதாவது 1.52 மீட்டர். 1.52-ஐ 1.52-ஆல் பெருக்கினால் சுமார் 2.31. எடை 104 கிலோ. 104-ஐ 2.31-ஆல் வகுத்தால் 45. நம் நாட்டவர்களுக்கு 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-க்கு மேல் போனால் உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். 45 என்பது மிக அதிகம். அத்தோடு அவருக்கு சுகர், முழங்கால் வலி, ராத்திரியில் வீடே அதிரும் குறட்டை. ஆக, அவர் கேட்டது ஆடம்பரம் இல்லை.

அந்த ஆபரேஷன் என்றால் என்ன?

வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறது என்று பலர் நினைக்கிறோம். அது வேறு, அழகுக்காகச் செய்வது. எடை குறைப்பு அறுவை சிகிச்சை இரைப்பையில் செய்வது. பெரும்பாலும் வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்கிறார்கள்.

அதிகம் செய்யப்படுவது இரண்டு வகை. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய் மாதிரி தைத்துவிடுவார்கள். வெட்டின பாகம் திரும்ப வளராது. இன்னொன்றில் இரைப்பையின் மேல் பக்கம் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பை மட்டும் ஒதுக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுவார்கள். சாப்பாடு குடலின் ஒரு பகுதியைத் தொடாமலே போய்விடும். இரண்டிலுமே சாப்பிடும் அளவு குறைகிறது. பசியைத் தூண்டும் சுரப்பும் மாறுகிறது. ஒன்றரை வருடத்துக்குள் உடல் எடையில் கால் பங்குக்கு மேல் குறைவது சாதாரணம். பலருக்கு சுகர் கட்டுக்குள் வருகிறது. சுவீடன் நாட்டில் 1987-ல் தொடங்கி 4,000 பேருக்கு மேல் வருடக்கணக்கில் பார்த்து வந்தார்கள். அறுவை செய்தவர்களில் இறப்பு குறைவு என்று 2007-ல் வெளியிட்டார்கள். ஆக, தகுதியானவருக்கு இது நல்ல சிகிச்சைதான்.

யாருக்குத் தகுதி? ரொம்ப காலமாக பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து சுகர், பிரஷர் போன்ற நோயும் இருந்தால் என்று வைத்திருந்தார்கள். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வருவதால் அளவைக் குறைத்தார்கள். 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில் ஆசியர்களுக்கு 27.5-க்கு மேல் போனாலே இந்தச் சிகிச்சையை ஒரு வழியாக முன்வைக்க வேண்டும் என்று இருக்கிறது. முன்வைப்பது என்றால் "செய்தே ஆக வேண்டும்" என்று அர்த்தம் இல்லை. பத்து கிலோ குறைக்கவும், கல்யாணப் போட்டோவுக்காகவும் செய்வது இல்லை இது.

சளி எதனால் பிடிக்கிறது?

இனி சளிக்கு வருவோம். மழையில் நனைந்தால் சளி, பிரிட்ஜ் தண்ணீர் குடித்தால் சளி, ராத்திரி தயிர் சாப்பிட்டால் சளி, குளிர்ச்சி உடம்பு, சூட்டு உடம்பு என்றெல்லாம் நாம் சொல்கிறோம். சாதாரண சளியை உண்டாக்குவது வைரஸ் கிருமி. இருநூறுக்கு மேற்பட்ட வகை உண்டு. சளி பிடித்தவர் தும்மும்போதும் இருமும்போதும் தெறிக்கும் துளியில் இருக்கிறது. அவர் மூக்கைத் துடைத்த கையால் தொட்ட கதவு, டம்ளர், செல்போன், ரூபாய் நோட்டு இவற்றிலிருந்தும் நம் கைக்கு வந்து, அந்தக் கையால் நாம் மூக்கையும் கண்ணையும் தொடும்போது உள்ளே போகிறது.

நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கே வருடத்தில் இரண்டு மூன்று முறை சளி பிடிப்பது சகஜம். குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும். ஒல்லியானவருக்கும் பிடிக்கும், குண்டானவருக்கும் பிடிக்கும். கிருமிக்கு எடை தெரியாது.

அப்படியென்றால் எடைக்கும் சளிக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது. உடம்புக் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அளவுக்கு மீறிச் சேரும்போது, அது உடம்பு முழுக்க ஒரு மெல்லிய அழற்சியை, அணையாத கங்கு மாதிரி, வைத்துக்கொண்டே இருக்கும். கிருமியோடு சண்டை போட வேண்டிய அணுக்கள் இதனால் மந்தமாகின்றன. வயிற்றுக் கொழுப்பு நுரையீரலை மேலே தள்ளுவதால் மூச்சு முழுசாக இறங்காது. அதனால் ஒரு காய்ச்சல் வந்தால் அது நெஞ்சில் இறங்கிச் சிக்கலாகும் ஆபத்து கூடுகிறது. 2009-ல் பன்றிக்காய்ச்சல் வந்தபோதும், 2020-ல் கொரோனா வந்தபோதும், உடல் பருமன் உள்ளவர்கள் அதிகமாக ஐ.சி.யூ. போனார்கள். அமெரிக்காவில் வடக்கு கரோலினாவில் ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்களைப் பார்த்தபோது, ஊசி போட்ட பிறகும் பருமனானவர்களுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு இருந்தது என்று 2017-ல் வெளியிட்டார்கள்.

ஆபரேஷன் செய்தால் சளி வராதா?

அந்த முகாம்காரர் சொன்னதுக்கு இப்போது பதில் சொல்லலாம். அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக் என்ற பெரிய மருத்துவமனை. அங்கே சுமார் 20,000 பேரை ஒப்பிட்டார்கள். அதில் 5,053 பேர் கொரோனாவுக்கு முன்பே எடை குறைப்பு அறுவை செய்து எடை குறைந்தவர்கள். மற்றவர்கள் அதே மாதிரி எடையில் இருந்து அறுவை செய்யாதவர்கள். கொரோனா வந்தபோது யாருக்குத் தொற்றியது என்று பார்த்தார்கள். அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு 9.1, செய்யாதவர்களில் நூற்றுக்கு 8.7. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தொற்றியபின் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய ஆபத்து, அறுவை செய்தவர்களுக்குப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆக்சிஜன் தேவைப்படுவது அதைவிடவும் குறைந்தது. இதை 2021 டிசம்பரில் வெளியிட்டார்கள்.

இது கொரோனாவைப் பற்றியது, சாதாரண சளியைப் பற்றியது இல்லை. ஆனாலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எடை குறைந்தால் கிருமி வீட்டுக்கு வராது என்று இல்லை. வந்தால் வீட்டை இடிக்காமல் போகலாம். "ஆபரேஷன் பண்ணினா சளியே வராது" என்பது வியாபாரப் பேச்சு. அதை நம்பி யாரும் கத்தியின் கீழ் படுக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. அறுவைக்குப் பிறகு சரியாகச் சாப்பிடாமல், மாத்திரை போடாமல் விட்டால், எதிர்ப்புச் சக்தி இன்னும் குறையும். சாப்பாடு அளவு சுருங்கிவிட்டது. குடலில் சத்து ஏறுவதும் குறைகிறது. இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி, கால்சியம், புரதம் எல்லாம் விழும். நம்மில் பாதிப் பேருக்கு ஏற்கனவே ரத்தசோகை என்று முதலில் சொன்னோமே, அது இதற்காகத்தான். இருக்கிற இரும்பே குறைவு, அதில் வழியையும் அடைத்தால் என்ன ஆகும்? களைப்பு, முடி கொட்டுதல், கால் மதமதப்பு, அடிக்கடி உடம்பு முடியாமல் போவது.

எடை வேகமாகக் குறையும்போது சிலருக்கு எப்போதும் குளிரும். வைகாசி வெயிலிலும் போர்வை கேட்பார்கள். உடம்பைச் சுற்றியிருந்த கொழுப்புப் போர்வை போய்விட்டது, சாப்பாடும் குறைவு, அதனால் குளிர். அதைப் பார்த்து "உடம்பு குளிர்ந்து போச்சு, இனி சளிதான்" என்று பயப்பட வேண்டாம். குளிர் வேறு, சளி வேறு. ஆனால் ரத்தசோகை, தைராய்டு இருந்தாலும் குளிரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

செய்துகொண்டவர்கள் கவனிக்க வேண்டியவை

நமது குழுக்களில் ஏற்கனவே அறுவை செய்துகொண்டவர்களோ, அவர்கள் வீட்டாரோ இருந்தால் இந்தப் பகுதியை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

1. அறுவை முடிந்த முதல் சில வாரத்தில் காய்ச்சல், படபடப்பு, வயிற்றுவலி, தோள்வலி, மூச்சுத்திணறல் வந்தால் "சளிக்காய்ச்சல்தான்" என்று படுத்துக்கொள்ளக் கூடாது. தைத்த இடத்தில் கசிவு இருக்கலாம், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. மெடிக்கலில் "சளி, காய்ச்சல், உடம்புவலி" என்று சொல்லி செட் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை அன்றோடு நிறுத்த வேண்டும். அந்தப் பொட்டலத்தில் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரை இருக்கும். சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். சின்னதான இரைப்பையில் அது புண்ணை உண்டாக்கும், ரத்தம் கசியும், ஓட்டையே விழலாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், அதையும் டாக்டர் சொன்ன அளவில். எந்தக் கடைக்குப் போனாலும் "எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆயிருக்கு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

3. சத்து மாத்திரை ஆயுள் முழுக்க. எடை குறைந்தாச்சு என்று நிறுத்தக் கூடாது. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயோடு இரும்பு மாத்திரை வேண்டாம்.

4. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில்தான் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. முட்டை, மீன், கோழி, பருப்பு, பயறு, சுண்டல், தயிர், மோர் என்று நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட வேண்டும். நன்றாக மென்று, மெதுவாக. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும்.

5. விடாத வாந்தி இருந்து, கண் மங்கல், தள்ளாட்டம், கால் மரத்துப்போதல் வந்தால் அது வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். மூளையையே பாதிக்கும். உடனே போக வேண்டும்.

6. அறுவைக்குப் பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது. எடை குறைந்தவுடன் நின்றுபோன மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கர்ப்பம் நிற்பது உண்டு. முன்கூட்டியே நர்சம்மாவிடம் பேசுங்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குச் செய்வதானால் இதையும் யோசித்துத்தான் தேதி வைக்க வேண்டும்.

7. அறுவைத் தேதி குறித்தபின் சளி, இருமல் பிடித்தால் மறைக்கக் கூடாது. "தேதி தள்ளிப் போயிடுமே" என்று மறைத்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாய் இறுகும் ஆபத்து. தேதி தள்ளலாம், உயிரைத் தள்ள முடியாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் அதையும் விட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பணம்

நாம் சங்கம், பணத்தைப் பேசாமல் இருக்க முடியுமா? தனியாரில் இந்த ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் ஆகிறது. ஆபரேஷன் செலவு ஒரு தடவை. ஆனால் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, முட்டை, மீன் செலவு மாதா மாதம், ஆயுளுக்கும். மாடு வாங்கக் கடன் வாங்குகிறவர் தீவனச் செலவையும் எழுதுகிற மாதிரி, இதையும் எழுத வேண்டும். மகளிர் குழுக் கடன் போதாமல் நுண்கடன் கம்பெனியில் ஒன்று, கந்துவட்டியில் ஒன்று என்று வாங்கிப் படுத்தால், எழுந்து வரும்போது உடம்பு இளைத்திருக்கும், கடன் பெருத்திருக்கும்.

அதனால் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சைக்கு, எந்த மருத்துவமனையில், என்ன நிபந்தனையில் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேசையிலேயே கேளுங்கள். நடுவில் வரும் ஆளிடம் கேட்காதீர்கள். 104-க்குப் போன் போட்டும் ஆலோசனை கேட்கலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: என் பி.எம்.ஐ. எவ்வளவு, எனக்கு இது ஏன் வேண்டும்? வேறு வழி என்ன இருக்கிறது? என்ன வகை அறுவை, திரும்ப மாற்ற முடியுமா? இங்கே ஐ.சி.யூ. இருக்கிறதா? சிக்கல் வந்தால் யார் பொறுப்பு, எந்த நம்பர்? ஐந்து வருடம் கழித்து யாரிடம் வர வேண்டும்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் "இன்னைக்குச் சேர்ந்தா தள்ளுபடி" என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தள்ளுபடி புடவைக்கு இருக்கலாம், இரைப்பைக்கு வேண்டாம்.

அந்த அக்கா என்ன ஆனார்?

நாங்கள் இரண்டு பேர் அவரோடு அரசு மருத்துவமனைக்குப் போனோம். காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கி, பகல் இரண்டு மணிக்கு வெளியே வந்தோம். டாக்டரம்மா முதலில் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. "சளின்னு சொல்றீங்களே, என்னென்ன செய்யும்?" என்று கேட்டார். தும்மல், மூக்கில் நீர், விடியற்காலையில் இழுப்பு, படுத்தால் இருமல், நெஞ்செரிச்சல். காய்ச்சல் பெரும்பாலும் இல்லை. "இது பாதிக்கு மேல சளியே இல்லம்மா" என்றார். தையல் துணியின் பஞ்சுத் தூசியும் விறகு அடுப்புப் புகையும் சேர்ந்த அலர்ஜி, லேசான ஆஸ்துமா. வயிற்று அமிலம் மேலே ஏறி வரும் இருமல் மீதி. கூடவே, சுகர் கட்டுக்கு அடங்காததால் உண்மையான சளி வந்தாலும் சீக்கிரம் போவதில்லை.

சகோதரிகளே, நாம் எல்லா இருமலுக்கும் "சளி" என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் கட்டாயம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோயாக இருக்கலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம். நம்ம அக்காவுக்கும் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது.

உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். சுகர் மாத்திரையை மாற்றினார்கள். தைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நான்கு மாதத்தில் படுக்கை நாட்கள் நன்றாகக் குறைந்துவிட்டன. கடன் வாங்காமல், கத்தி படாமல் குறைந்தது அது.

அப்படியானால் ஆபரேஷன் வேண்டாமா? அதுவும் சரியில்லை. டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "சளிக்காக வேண்டாம். ஆனா உங்க சுகருக்கும், குறட்டைக்கும், முழங்காலுக்கும் இது தேவைப்படலாம். அதுக்கு முன்னாடி ஆறு மாசம் சாப்பாடு, நடை, தூக்கப் பரிசோதனை எல்லாம் பார்ப்போம். மருந்து வழியும் இருக்கு. அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க." அக்கா இப்போது அந்த ஆறு மாதத்தில்தான் இருக்கிறார். செய்வாரா, மாட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. அது அவர் உடம்பு, அவர் முடிவு. ஆனால் இனி அவர் எடுக்கும் முடிவு முகாம்காரர் சொன்னதால் எடுத்ததாகவும் இருக்காது, நம் சிரிப்புக்குப் பயந்து விட்டதாகவும் இருக்காது.

அவர் குழு என்ன செய்தது தெரியுமா? மூன்றாவது கூட்டத்துக்கு அவர் வந்தபோது, அன்றைக்குச் சிரித்த தங்கச்சியே எழுந்து, "அக்கா, நான் சொன்னது தப்பு" என்றார். தீர்மான நோட்டில் இரண்டு வரி எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் செலவுக்கு அவசர நிதியிலிருந்து வட்டியில்லாமல் கொடுப்பது. மருத்துவக் கடன் கேட்கும் எந்த உறுப்பினரையும், அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வர ஒருவர் துணைக்குப் போவது. நமது கூட்டமைப்பிலும் இந்தத் தீர்மானத்தை வைக்கலாமா என்று கேட்கிறோம்.

நாம் எல்லோரும் செய்யக்கூடியவை

எடை என்னவாக இருந்தாலும் சளி குறைய வழி ஒன்றுதான். வெளியில் போய் வந்தவுடன், சமைக்கும் முன், குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். தும்மினால் முந்தானைக்குள்ளோ முழங்கை மடிப்புக்குள்ளோ தும்முங்கள். சளி பிடித்தவர் துண்டு, டம்ளர் தனியாக இருக்கட்டும். குழுக் கூட்டத்துக்கு வந்தால் மாஸ்க் போட்டு வரட்டும், தப்பாக நினைக்காதீர்கள். சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, கேட்டு வாங்காதீர்கள். ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் சட்டியைக் குழந்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். சுகர், ஆஸ்துமா, அதிக எடை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை ஃப்ளூ ஊசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் கைவைத்தியத்தோடு நிற்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குழுவில் எடை பார்க்கும் மிஷின் ஒன்றும் அளவு நாடா ஒன்றும் வையுங்கள். கணக்கை அவரவர் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். சத்தம் போட்டு வாசிக்க வேண்டாம். யாருடைய எண்ணையும் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

 சந்தேகம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து கேளுங்கள்.